காட்மியம் சோதனை: கன்ட்ரோல் இறாலிலும் கிளைக்கோஜன் குறைவது ஏன்?

கணுக்காலி:
நன்னீர் இறால்களைக் காட்மியம் குளோரைடில் 96 மணி நேரம் வைத்து, கல்லீரல்-கணையத்தில் கிளைக்கோஜன் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை), கொழுப்பு, புரதம் அளக்கிறோம். கிளைக்கோஜன் குறைகிறது, ஆனால் காட்மியம் சேர்க்காத கன்ட்ரோலிலும் குறைகிறது. புரதமோ ஏறுகிறது. ஒரே தொட்டி இறால்களுக்குள்ளேயே மதிப்புகள் சிதறுகின்றன. டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) கொண்டு எடுத்த சாறு, சர்க்கரையை நிறமாக்கி அளக்கும் ஆந்த்ரோன் முறை. எங்கே பிசகு?

நீர்க்கரை:
தீனி போட்டீர்களா? 96 மணி நேரச் சோதனையில் வழக்கமாகப் போடுவதில்லை. பட்டினியே கிளைக்கோஜனைத் தின்றுவிடும். 0 மணித் தொகுதி ஒன்றைத் தொடக்கத்திலேயே எடுத்து அளந்தால்தான் பட்டினி இழப்பையும் உலோக இழப்பையும் பிரிக்கலாம்.

பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். வலையால் துரத்தி, காற்றில் வைத்திருந்தால் கண்காம்பிலிருந்து ஹைப்பர்கிளைசீமிக் ஹார்மோன் சுரந்து கிளைக்கோஜன் உடையும், ஹீமோலிம்ஃபில் (இறாலின் இரத்தத்தில்) குளுக்கோஸ் ஏறும். பல இனங்களில் காட்மியம் செய்வதும் இதையேதான். ஒவ்வொன்றாக எடுத்து உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

ஓடுரி:
சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் தோலுரிப்பு நிலை. வால் விசிறியின் ஓரத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். மேல்தோல் ஓட்டை விட்டு விலகியிருந்தால் அந்த இறால் உரிப்புக்குத் தயாராகிறது, சேமிப்பு கூடியிருக்கும். இரண்டு உரிப்புகளுக்கு இடைநிலையில் உள்ளவை மட்டும் போதும். முட்டை முதிரும் பெண்களையும் தள்ளுங்கள், கொழுப்புக் கணக்கைக் குலைத்துவிடும்.

டிசிஏ சாற்றில் தனிக் குளுக்கோஸும் சேர்ந்து வரும். பதிலாக 30% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 100 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்து, எத்தனாலில் வீழ்படிவாக்கிக் கழுவுங்கள். ஆந்த்ரோனைக் கந்தக அமிலத்தில் அன்றன்றே கலக்கவும். அந்த அமிலம் சேர்க்கும்போது குழாய் பனிக்கட்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கலக்கும் சூட்டிலேயே நிறம் முந்திக்கொண்டு குழாய்க்குக் குழாய் வேறுபடும். 620 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளந்து கிடைக்கும் குளுக்கோஸை 0.9ஆல் பெருக்கினால் கிளைக்கோஜன்.

நீர்க்கரை:
புரத ஏற்றத்தில் மெட்டலோதயோனினுக்கு (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பங்கு இருக்கலாம். ஆனால் என் முதல் சந்தேகம் கணக்கின் மேல்: கிளைக்கோஜனும் கொழுப்பும் கரைந்தால் ஒரு கிராமில் புரதத்தின் பங்கு தானாகவே கூடும். ஈர எடைக்குச் சொல்லாமல், முழு உறுப்பின் மொத்த அளவை உடல் எடைக்குச் சொல்லுங்கள். பிறகு ஆற்றலாக மாற்றுங்கள்: மில்லிகிராமுக்குக் கார்போஹைட்ரேட் 17.5, புரதம் 24, கொழுப்பு 39.5 ஜூல். கொழுப்பின் சிறு சரிவே கிளைக்கோஜனின் பெரிய சரிவை விழுங்கிவிடும்.

கணுக்காலி:
நன்றி. காட்மியம் அளவைத் தொட்டி நீரிலும் அளக்க வேண்டுமா?

ஓடுரி:
கட்டாயம். கலந்த அளவும் நீரில் நிற்கும் அளவும் ஒன்றல்ல; கழிவும் தொட்டிச் சுவரும் உறிஞ்சும். நீரின் கடினத்தன்மையையும் குறியுங்கள். செவுளில் கால்சியம் காட்மியத்தோடு போட்டியிடும், கடின நீரில் விளைவு மங்கும்.