எழுத்துக்குப் பின்னால் ஓலைச்சுவடிப் படம்: வைக்கலாமா, கூடாதா?

ஏட்டுப்பித்தன்:
எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்தேன். பழைய சுவடிகளைப் பற்றிய கட்டுரைகள் என்பதால் பக்கம் முழுக்கப் பின்னணியில் ஓலைச்சுவடிப் படம், அதன்மேல் அடர் பழுப்பு எழுத்து. லேப்டாப்பில் அள்ளுகிறது. ஆனால் வட்டத்தின் மூத்தவர் ஒருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஓலையைப் படிக்கிறதா, நீ எழுதினதைப் படிக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். படத்தை எடுக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

வெள்ளைத்தாள்:
எடுத்துவிடுங்கள். 1995இல் நெட்ஸ்கேப் 1.1 உலாவி பின்னணிப் படம் வைக்கும் வசதியைக் கொடுத்தது. அப்புறம் ஆளாளுக்கு இலவசமாகப் பக்கம் போட்ட ஜியோசிட்டீஸ் தளத்தின் காலம் முழுக்க நட்சத்திரத்தையும் மேகத்தையும் எழுத்துக்கு அடியில் ஓடவிட்டுக் கண்ணைக் கெடுத்தது போதாதா?

தமிழில் இன்னும் மோசம். உங்கள் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் பத்தியில் 'ஏடு' என்பதில் ஏகாரத்தின் கால் ஓலையின் நரம்போடு கலந்துவிட்டது. 'எடு' என்றுதான் படித்தேன். அதற்கடுத்த வரியில் 'பல சுவடிகள்'. லகரத்தின் தலைக்கு மேலே சரியாக ஒரு பூச்சித் துளை. அது 'பல் சுவடிகள்' ஆகிவிட்டது. நம் எழுத்தில் ஒரு புள்ளி சொல்லையே மாற்றும்.

ஏட்டுப்பித்தன்:
பூச்சித் துளையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், உண்மைதான். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லையே. அதையும் படித்தார்கள்தானே?

வெள்ளைத்தாள்:
யார் படித்தார்கள்? உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள், ஒரு நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்து. உங்கள் வாசகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர்.

நிறமாலை:
வெள்ளைத்தாள் ஐயா எப்போதும் கத்தரிக்கோலோடுதான் வருவார். குற்றம் படத்தில் இல்லை, அடக்காமல் விட்டதில் இருக்கிறது.

இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. படத்தின்மேல் எழுத்து வைக்கும்போது பலரும் ஏமாறுவது இங்கேதான். படத்தில் ஏதோ ஓர் இடத்து நிறத்தை எடுத்துச் சோதித்துவிட்டு 'பாஸ்' என்பார்கள். சோதிக்க வேண்டியது படத்திலேயே மோசமான இடத்தை, அதாவது எழுத்தோடு வேறுபாடு மிகக் குறைவாக இருக்கிற இடத்தை. உதாரணமாக, வெள்ளை எழுத்துக்காகப் படத்தின்மேல் 50% கறுப்புத் திரை, அதாவது படம் பாதி தெரிகிற மாதிரி ஒரு கறுப்புப் படலம், போடுகிறீர்கள். படத்தில் சுத்த வெள்ளையான இடம் இருந்தால் அது நடுச் சாம்பலாகத்தான் மாறும், கிடைப்பது சுமார் 3.95:1. திரையை 60% ஆக்கினால் 5.7ஐத் தாண்டும். இந்தப் பத்து சதவீதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

உங்களுடையது அடர் எழுத்து, அதனால் திரை வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கட்டுரைக்கு ஒரு பெட்டி போட்டு 90% இளமஞ்சள் கொடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பெட்டிக்கு 'ஒபாசிட்டி' (ஒளிபுகாத் தன்மை) கொடுக்காதீர்கள். அது உள்ளே இருக்கிற எழுத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். பின்னணி நிறத்துக்கு மட்டும், நிறத்தோடு அதன் ஒளிபுகாத் தன்மையையும் சேர்த்துச் சொல்லும் ஆர்ஜிபிஏ மதிப்பாகக் கொடுங்கள். நானே இதில் ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைத்தாள்:
90% மூடிவிட்டு எதற்குப் படம்? வேட்டிக்கு மேல் போர்வை போர்த்திவிட்டுக் கரை அழகாக இருக்கிறது என்பது மாதிரி.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் எண் ஒளியை மட்டும்தான் அளக்கும். ஓலையில் கீறியிருப்பதும் தமிழ் எழுத்து, மேலே இருப்பதும் தமிழ் எழுத்து. 4.5 என்ன, 6 வந்தாலும் கண் இரண்டையும் படிக்கப் பார்க்கும். அந்தப் பெரியவர் கேட்டதும் அதைத்தானே?

நிறமாலை:
சரி, அது நியாயம். எழுத்தின் கோட்டுத் தடிமனும் படத்தின் கோட்டுத் தடிமனும் ஒன்றாக இருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. கட்டுரைக்கு அடியில் வேண்டாம். ஆனால் தலைப்புப் பகுதியில், படத்தை நன்றாக மங்கலாக்கி, மேலே பெரிய தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரி வைக்கலாம். அதையும் விடமாட்டேன் என்றால் அது பிடிவாதம்.

நள்ளிரவு நிரலர்:
குறுக்கே வருகிறேன். தலைப்பில் வெள்ளை எழுத்து வைத்தால், படத்தோடு கூடவே ஓர் அடர் பின்னணி நிறமும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரலில்) எழுதிவையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் படம் இறங்காவிட்டால் வெள்ளைமேல் வெள்ளை, தலைப்பே காணாமல் போகும். அப்புறம் அந்தப் படம் 3 எம்பி இருக்கிறது. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

ஏட்டுப்பித்தன்:
மாற்றிவிட்டேன். கட்டுரைக்கு அடியில் வெறும் இளமஞ்சள். தலைப்பில் ஓலை, அதன்மேல் 60% அடர் பழுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படத்தைச் சுருக்கி 140 கேபி ஆக்கியாயிற்று. லேப்டாப் மாதிரிப் பெரிய திரையில் பார்த்தால் மட்டும் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் ஓலை தெரியும்.

வெள்ளைத்தாள்:
ஓரம் உங்கள் ஆசைக்கு, இருக்கட்டும். போனில் திறந்தேன், கட்டுரை படிக்க முடிகிறது. ஆனால் தலைப்பில் 'சுவடி'க்கு மேலே இன்னும் ஒரு துளை இருக்கிறது. வேறு ஓலை கிடைக்காதா?

ஏட்டுப்பித்தன்:
அதைப் பத்து பிக்சல் இடதுபக்கம் நகர்த்திவிடுகிறேன் ஐயா.