ஒன்பது நாளில் திரும்பி வந்த கையெழுத்து யாருடையது?

பதிவு 1 | அஞ்சல்பெட்டி

சென்ற வாரம் வேறொரு இழையில் 'மூன்றாம் தளம்' என்ற நண்பர் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார். வீரருக்குத் தபாலில் அனுப்பிய பேஸ்பால் கார்டு (வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) பத்து நாளுக்குள் கையெழுத்தோடு திரும்பி வந்தால், அது வீரர் போட்ட கையெழுத்தே அல்ல, உடை மாற்றும் அறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையன் போட்டது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. என் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் நான் என்னுடைய ஒன்பது நாள் கார்டின் படத்தை இங்கே போட்டிருந்தேன் என்பதால், அம்பு யாருக்கு எய்யப்பட்டது என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரி 14, புதன்கிழமை. நியூ ஜெர்சியில் என் வீட்டுத் தெருமுனைத் தபால் பெட்டியில் உறையைப் போட்டேன். உள்ளே டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட கார்டு ஒன்று, கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம், சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. அன்றைய கட்டணம் ஓர் உறைக்கு 68 சென்ட். புளோரிடாவில் வசந்தகாலப் பயிற்சிக்கு, அதாவது பருவம் தொடங்குமுன் நடக்கும் முகாமுக்கு, பந்துவீச்சாளர்களும் கேட்சர்களும் வந்து சேர்ந்த வாரம் அது. பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை என் உறை திரும்பி வந்தது. ஒன்பது நாள். நீல ஷார்ப்பி மார்க்கர் பேனா. முதல் எழுத்தின் வளைவில் பேனா ஒரு கணம் நின்ற இடத்தில் மை சற்றுத் தடித்திருப்பதைப் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். ரப்பர் முத்திரையில் இப்படி வராது. அதில் மை ஓரங்களில்தான் தேங்கும். வீரரின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை, ஏனெனில் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்.

பதிவு 2 | மூன்றாம் தளம்

ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்கு மட்டும் போடுவோம். பிப்ரவரி 18 ஞாயிறு, தபால் இல்லை. 19 திங்கள், குடியரசுத் தலைவர்கள் தினம், அன்றும் தபால் இல்லை. ஒன்பதில் இரண்டு போயிற்று, மிச்சம் ஏழு. நியூ ஜெர்சியிலிருந்து புளோரிடாவுக்கு முதல் வகுப்புத் தபால் போய்ச் சேர மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள். ஆக மிச்சம் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் முகாம் அலுவலகத்துக்கு வந்து குவிந்த மூட்டையில் இருந்து உங்கள் உறை பிரிக்கப்பட்டு, வீரரின் அலமாரிக்குப் போய், அவர் ஓடி, பந்து வீசி, குளித்து, மருத்துவரிடம் தோளைக் காட்டி, பிறகு உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்துக் கையெழுத்தும் இட்டார் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

1950களிலும் 60களிலும் அணியினர் எல்லோரும் கையெழுத்திட வேண்டிய பந்துகளில் நட்சத்திரங்களின் பெயரை உடை மாற்றும் அறைப் பணியாளர்களே எழுதித் தள்ளினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பழைய யாங்கீஸ் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவுக்குத் தபாலில் வந்ததில் ஒரு பங்குக்கு அவருடைய சகோதரி மேரி கையெழுத்திட்டார் என்பதைக் கையெழுத்துச் சோதனை செய்பவர்கள் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். டிமாஜியோ வீட்டிலேயே நடந்தது உங்கள் பந்துவீச்சாளருக்கு நடக்காதா?

பதிவு 3 | அஞ்சல்பெட்டி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரோடு வாதிடுவது எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறைத் திங்களும் தபால்காரருக்குத்தான் ஓய்வு. வசந்தகாலப் பயிற்சிக்கு ஓய்வு இல்லை. என் உறை 17ஆம் தேதி சனிக்கிழமை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வீரருக்கு 17, 18, 19 என்று மூன்று முழு நாட்கள் இருந்தன. நீங்கள் கழித்த இரண்டு நாட்களும் எனக்குச் சாதகமாகக் கூட்ட வேண்டிய நாட்கள். திரும்பி வந்த உறையில் டாம்பா முத்திரை 20ஆம் தேதியைக் காட்டுகிறது. 20இலிருந்து 23 வரை மூன்று நாள். கணக்கு இம்மி பிசகாமல் உட்காருகிறது.

மேரியைப் பற்றிச் சொன்னீர்கள், சரி. அதே மூச்சில் பழைய பந்துவீச்சாளர் பாப் ஃபெல்லரையும் சொல்லியிருக்க வேண்டாமா? அவர் கையெழுத்திட்ட பந்தைவிடக் கையெழுத்திடாத பந்துதான் அரிது என்று சேகரிப்பாளர்கள் கேலி பேசும் அளவுக்குக் கடைசிவரை கையெழுத்திட்டுக்கொண்டே இருந்த மனிதர் அவர். மினசோட்டா அணியின் பழைய நட்சத்திரம் ஹார்மன் கில்லிபுரூ, கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளிய இளம் வீரர்களைப் பிடித்து, ரசிகன் படிக்கும்படி எழுது என்று கண்டித்தவர். கையெழுத்தை ஒரு கடமையாக நினைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அதைச் செய்ய அவர்களுக்கு ஒரு மாதம் தேவைப்படாது.

பதிவு 4 | நீலமை

இரண்டு பெரியவர்களும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினால் நல்லது. 'அசல்' என்று எதைச் சொல்கிறோம்? வீரர் தன் கையால் இட்டது மட்டுமா? சோதனை நிறுவனம் ஒப்புக்கொண்டது மட்டுமா? வீரர் இட்டதாகவே இருந்து, ஆனால் நாற்பது கார்டுகளுக்கு நடுவில் பாராமல் கிறுக்கியதாக இருந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அமெரிக்காவில் எஃப்பிஐ 1990களின் பிற்பகுதியில் நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்து உட்படப் போலிகள் பிடிபட்டன. அவற்றில் பல, சான்றிதழோடுதான் விற்கப்பட்டன. ஆகவே வரையறை இல்லாமல் நாட்களை எண்ணிப் பயனில்லை.

பதிவு 5 | மூன்றாம் தளம்

வரையறை பிறகு இருக்கட்டும். 'சனிக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால்' என்று எழுதினாரே, அந்த 'வைத்துக்கொண்டால்' எங்கிருந்து வந்தது? புதன்கிழமை எத்தனை மணிக்குப் பெட்டியில் போட்டார் என்பதை இதுவரை சொல்லவில்லை. அன்று காதலர் தினம், பெட்டிகள் நிரம்பி வழிந்த நாள். மாலை எடுப்பு முடிந்த பிறகு போட்டிருந்தால் உறை 15ஆம் தேதிதான் நகர்ந்திருக்கும். 15இல் புறப்பட்டது 17இல் புளோரிடாவில் இறங்கக் குதிரைக்குக் கொம்பு முளைக்க வேண்டும். அப்படியானால் உறை செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்து, அதே செவ்வாய்க்கிழமை திரும்பியிருக்கிறது. வந்த நாளிலேயே கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புவது யார் வேலை? அறைப் பையனின் வேலை.

பதிவு 6 | ஸ்கார்பரோவாசி

அண்ணைமார் மன்னிக்க வேண்டும், இடையில் ஒரு சந்தேகம். நான் கனடாவில் இருந்து அனுப்புகிறேன். திரும்பி வரும் உறையில் கனடியத் தபால்தலை செல்லாது என்று தெரிந்து, எல்லை தாண்டிப் போனபோது அமெரிக்க 'ஃபாரெவர்' தபால்தலைகள் வாங்கி வந்து ஒட்டினேன். இரண்டு வருடத்தில் பதினொன்று அனுப்பி ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒன்பது நாளா பத்து நாளா என்ற உங்கள் சண்டை எனக்குப் பணக்காரர் சண்டை போலத் தெரிகிறது.

பதிவு 7 | அஞ்சல்பெட்டி

ஸ்கார்பரோத் தம்பிக்கு முதலில் பதில். சாதாரண ஃபாரெவர் தபால்தலை அமெரிக்காவுக்குள் மட்டுமே போதும். அங்கிருந்து உங்களுக்கு வருவது வெளிநாட்டுத் தபால். அதற்கென்று வட்ட வடிவில் 'குளோபல் ஃபாரெவர்' என்ற தபால்தலை இருக்கிறது, அதைத்தான் ஒட்ட வேண்டும். உங்கள் பதினொன்றில் சில கையெழுத்தாகி, தபால்தலை போதாமல் எங்கோ கிடக்கலாம். கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் கார்டை வைத்தும் அனுப்பாதீர்கள். வளையாத உறையை இயந்திரம் ஏற்காது, கூடுதல் கட்டணம் விழும். மெல்லிய உறையில் போட்டு, இரு பக்கமும் ஒரு துண்டு அட்டை வைத்தால் போதுமானது.

இப்போது மணி விஷயம். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள தாளில் கடைசி எடுப்பு மாலை 5:00 என்று இருக்கிறது. நான் போட்டது 4:40. எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்று மகளைப் பியானோ வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி அது. வகுப்பு நாலரைக்குத் தொடங்கும். ஆகவே உறை 14ஆம் தேதியே நகர்ந்தது. 15, 16, 17. சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. இனி யாரும் 'வைத்துக்கொண்டால்' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

பதிவு 8 | பழைய அட்டை

நாற்பது வருடமாக இதைச் செய்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நாங்கள் தொடங்கிய காலத்தில் நாட்களை எண்ணியதே இல்லை. அனுப்பிவிட்டு மறந்துவிடுவோம், சில உறைகள் பல வருடம் கழித்து, நாங்கள் மறந்துபோன கையெழுத்தில் எழுதிய முகவரியோடு வந்து நிற்கும். அதில் ஓர் இன்பம் இருந்தது. 1990இல் அப்பர் டெக் என்ற கார்டு நிறுவனம், பேஸ்பால் நட்சத்திரம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளைப் பொட்டலத்துக்குள்ளேயே ஒளித்துவைத்து விற்றதிலிருந்து கையெழுத்து என்பது கடைச் சரக்காகிவிட்டது. இப்போது ஒரே வீரருக்கு ஆறு கார்டு அனுப்பி, ஐந்தை இணையத்தில் விற்கிறார்கள். அதற்கு மேல், வளர்ந்த மனிதர்கள் பத்து வயதுப் பையன் போலக் கோணல் எழுத்தில் கடிதம் எழுதுகிறார்கள். ஒன்பது நாளில் பதில் வருகிறது என்றால், கடிதத்தை எழுதியது யார் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

பதிவு 9 | அஞ்சல்பெட்டி

இது என்னைக் குறித்துச் சொல்லப்பட்டதா? நான் அனுப்பியது ஒரே கார்டு. கடிதம் எழுதியது நான், ஐம்பத்திரண்டு வயதுக்காரனாக, என் வயதைக் குறிப்பிட்டே எழுதினேன். 2023 ஆகஸ்டில் கேலரியில் உட்கார்ந்து அவர் வீசிய ஏழாவது இன்னிங்ஸைப் பார்த்ததையும், கடைசி மட்டையாளரை வீழ்த்திவிட்டு அவர் கையுறையில் அறைந்துகொண்டதையும் எழுதினேன். 'நான் உங்கள் பெரிய ரசிகன்' என்ற ஒரே வரியை நூறு பேருக்கு நகலெடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்பது நாளில் பதில் வராதுதான். கார்டின் பளபளப்பில் ஷார்ப்பி மை முத்து முத்தாகத் திரளாமல் இருக்கக் குழந்தைப் பவுடரை லேசாகத் தடவித் துடைத்து அனுப்பினேன். இத்தனை அக்கறையோடு அனுப்பிய ஒன்றை ஒரே வரியில் 'அறைப் பையன்' என்று தள்ளுகிறவர், தன்னிடம் உள்ள 1982 டாப்ஸ் கார்டின் முகப்பில் அச்சாகியிருந்த கையெழுத்தை வீரர் நேரில் இட்டது என்று இதே இடத்தில் படம் போட்டு மகிழ்ந்தவர் என்பதைப் புதியவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

பதிவு 10 | மூன்றாம் தளம்

அது நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த முதல் மாதம் நடந்தது. அன்றே ஒப்புக்கொண்டு படத்தை நீக்கிவிட்டேன். பழையதைக் கிளறுவதென்றால் எனக்கும் கிளற வரும். இரண்டு வருடம் முன்பு ஐயாவிடம் நான் வாங்கிய 1971 டாப்ஸ் கார்டு, 'மூலைகள் கூர்மை' என்ற உறுதிமொழியோடு வந்தது. கறுப்பு ஓரம் உதிர்ந்து, மூன்று மூலைகளில் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஒரு மூலையில் கறுப்புப் பேனாவால் பூசியும் இருந்தது. மூலை விஷயத்தில் அப்படிச் சொன்னவர் மணி விஷயத்தில் 4:40 என்றால் நான் எப்படி எடுத்துக்கொள்வது? பியானோ வகுப்பு நாலரைக்கு என்றால், இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் தெருமுனைக்கு வந்தாரா? அந்த ஊர்ப் போக்குவரத்தை நானும் அறிவேன்.

பதிவு 11 | அஞ்சல்பெட்டி

1971 கார்டின் ஓரம் மூச்சு விட்டாலே உதிரும். அந்த வருடத்துக் கார்டு வாங்குகிற எவருக்கும் அது தெரியும். பேனா பூசியது நான் அல்ல, எனக்கு விற்றவர். அதை அப்போதே சொன்னேன், பணத்தையும் திருப்பித் தர முன்வந்தேன். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.

வகுப்பிலிருந்து பெட்டிக்கு இரண்டு சாலை விளக்குகள். பத்து நிமிடம் தாராளம். இன்று பிற்பகல் அதே வீரருக்கு வேறொரு கார்டு அனுப்புகிறேன். பெட்டியில் போடும்போது கைக்கடிகாரத்தோடு படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

பதிவு 12 | மூன்றாம் தளம்

கைக்கடிகாரத்தை எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கும் படம் இருந்தால் போடுங்கள்.

பதிவு 13 | ஸ்கார்பரோவாசி

அந்த வட்டத் தபால்தலை எருமை நகரத் தபால் நிலையத்தில், அதாவது பஃபலோவில், கிடைக்குமா அண்ணை? சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன்.