ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்: பிஎஸ்2, பிஎஸ்3, பிஎஸ்4 பதிப்புகளை ஒரே டிவியில் நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

பழைய_டிஸ்க்:

வணக்கம் நண்பர்களே. இந்த விளையாட்டின் மூன்று பதிப்புகளும் என்னிடம் உள்ளன: 2005-இல் வந்த பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கன்சோல்) மூலப் பதிப்பு, 'ஐகோ' என்ற விளையாட்டுடன் சேர்த்து 2011-இல் வெளியான பிஎஸ்3 எச்டி தொகுப்பு, 2018-இல் பிஎஸ்4-க்காகப் புதிதாக உருவாக்கப்பட்ட பதிப்பு. மூன்றையும் ஒரே 4கே டிவியில் இணைத்து, முதல் பூதத்தின் மீது ஏறும் கட்டத்தை ஒப்பிட்டுக் குறிப்பு எழுத விரும்புகிறேன். ஆனால் பிஎஸ்2 படம் பார்க்கவே முடியாதபடி இருக்கிறது. நிறங்கள் ஓரங்களில் கசிகின்றன. குதிரை ஓடும்போது அதன் கால்களில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் தெரிகின்றன. உருவங்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தோன்றுகின்றன. பொத்தானை அழுத்திய பிறகு நாயகன் வாண்டர் குதிப்பதற்குத் தாமதமாகிறது. பூதம் அருகில் வந்தால் காட்சி திணறுகிறது. கன்சோலுடன் வந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிளைத்தான் பயன்படுத்துகிறேன். கன்சோல் பழுதாகிவிட்டதா, அல்லது விளையாட்டே இப்படித்தானா?

கேபிள்_பெட்டி:

கன்சோல் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் நான்கு, படம் கன்சோலை விட்டு வெளியேறிய பிறகு உண்டாகுபவை. மஞ்சள் கேபிளில் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்கின்றன. டிவி அவற்றை மீண்டும் பிரிக்கும்போது முழுமையாகப் பிரிக்க முடியாததால்தான் நிறம் கசிகிறது. கோடுகளுக்குக் காரணம் வேறு. பிஎஸ்2 பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில், ஒருமுறை ஒற்றைப்படை வரிகளையும் அடுத்த முறை இரட்டைப்படை வரிகளையும் அனுப்புகிறது. பழைய குழாய் டிவி அவற்றை வந்த வரிசையிலேயே வரைந்தது. இன்றைய டிவியோ இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படமாக்கி, பிறகு 4கே அளவுக்குப் பெரிதாக்குகிறது. அசையும் பொருள் இரண்டு பாதிகளிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் பற்கள் தெரிகின்றன.

முதலில் செலவில்லாதவற்றைச் செய்யுங்கள். டிவியில் கேம் மோடை இயக்கினால் தாமதம் குறையும். விளையாட்டு 4:3 அகல-உயர விகிதத்தில் படத்தை அனுப்பினால் டிவியையும் 4:3-க்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அடுத்து, பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனென்ட் கேபிள் வாங்குங்கள். உங்கள் டிவியில் அதற்கான துளை இல்லையென்றால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற ஸ்கேலர் (பழைய கன்சோலின் படத்தை இன்றைய டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் கருவி) தேவைப்படும். விலை அதிகம்தான், ஆனால் அசைவைக் கவனித்து வரிகளைச் சேர்ப்பதால் அந்தப் பற்கள் பெருமளவு மறைந்துவிடும்.

பிக்சல்_பித்தன்:

ஐந்தாவது குறையான திணறல் மட்டும் விளையாட்டுக்கே உரியது. எந்தக் கேபிளும் அதைத் தீர்க்காது. பிஎஸ்2-இல் முதன்மை நினைவகம் 32 எம்பி, கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருந்தது வெறும் 4 எம்பி. அந்த இடத்துக்குள் விளையாட்டின் இயக்குநர் ஃபுமிடோ உவேடாவின் குழு பூதத்தின் ரோமத்தையும், அதன் உடல்மீதே விழும் நிழலையும், கோயிலின் இருட்டிலிருந்து வெளியே வரும்போது கண் கூசி மெல்லப் பழகும் வெளிச்சத்தையும் கொண்டுவந்தது. அதற்கான விலையாகத்தான் பிரேம் வேகம் (நொடிக்குக் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கை) பல இடங்களில் 30-க்கு வெகு கீழே விழுகிறது. உங்கள் ஒப்பீட்டில் இதைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்யுங்கள், ஏனெனில் அது அந்த இயந்திரத்தைப் பற்றிய உண்மை. மஞ்சள் கேபிளின் நிறக்கசிவு அப்படியல்ல.

பிஎஸ்3, பிஎஸ்4 பதிப்புகள் இரண்டையும் செய்தது புளூபாயின்ட் நிறுவனம்தான் என்றாலும், அவை ஒரே வகை வேலை அல்ல. பிஎஸ்3-இல் மூல உருவங்களே உயர்ந்த தெளிவுத்திறனில், சீரான வேகத்தில் ஓடுகின்றன. பிஎஸ்4-இல் புல், பாறை, ரோமம், வாண்டரின் முகம் என எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டவை. ஆகவே பிஎஸ்2-உம் பிஎஸ்3-உம் இயந்திர வேறுபாட்டைக் காட்டும். பிஎஸ்4-ஐ அருகில் வைக்கும்போது கலைஞர்களின் தேர்வு வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். என் கண்ணுக்கு, மூலப் பதிப்பின் வெளிறிய மங்கலில்தான் அந்த நிலம் கைவிடப்பட்டதாகத் தெரிகிறது. புதியதன் பசுமை அழகாக இருந்தாலும் அந்த வெறுமையைச் சற்றுக் குறைத்துவிடுகிறது.

பழைய_டிஸ்க்:

மிக்க நன்றி. டிவியில் துளை இருந்ததால் காம்போனென்ட் கேபிள் மட்டும் வாங்கினேன். ஆனால் இப்போது நிறங்கள் முற்றிலும் தவறாக வருகின்றன.

கேபிள்_பெட்டி:

கன்சோல் ஆர்ஜிபி என்னும் வேறு வண்ண அமைப்பில் இருக்கும். பழைய கேபிளை மாட்டி, டிஸ்க் இல்லாமல் இயக்கி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் வீடியோ அவுட் என்பதை ஆர்ஜிபியிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட்டு, புதிய கேபிளை மாட்டுங்கள்.

பழைய_டிஸ்க்:

சரியாகிவிட்டது. நிறக்கசிவு போய்விட்டது, கேம் மோடில் தாமதமும் உறுத்தவில்லை. வேகமான அசைவில் மட்டும் கோடுகள் ஓரளவு தெரிகின்றன. கடைசியாக ஒரு கேள்வி: என்னிடம் இருப்பது பிஎஸ்4 ப்ரோ. அதில் எந்த மோடில் ஒப்பிட வேண்டும்?

பிக்சல்_பித்தன்:

சினிமாட்டிக் மோடில் ஒப்பிடுங்கள். அது 1440பி தெளிவில் 30 பிரேம்களை இலக்காகக் கொண்டது. பெர்ஃபார்மன்ஸ் மோடு 1080பி-யில் 60 பிரேம்களுக்கானது. மூலப் பதிப்பின் அசைவுக்கு 30 தான் நெருக்கம் என்பதால், பூதம் காலைத் தூக்கி வைக்கும் கனத்தை மூன்றிலும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம். 60-இல் தெரியும் வேறுபாட்டைத் தனிப் பத்தியாக எழுதிவிடுங்கள்.