14 பேர் குழு, முன்பள்ளித் திருத்தவேலை: பொறுப்பை எப்படிப் பிரிக்கலாம்?

நிலாவெளியான்:
வணக்கம். நிலாவெளியில ஒரு முன்பள்ளிக்குக் கூரை மாத்தி, ரெண்டு மலசலகூடமும் கட்ட கிராம அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து இறங்கியிருக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்கினம். ஆனா மேசன் ஒண்டு கேட்டா மூண்டு பேர் மூண்டு பதில் சொல்லினம். வட்ஸ்அப்பில சொன்னதெல்லாம் அடியில போயிடுது. மாரிக்கு முதல் கூரை முடியவேணும். என்ன ஒழுங்கு செய்யலாம்?

உப்புவெளி_01:
தம்பி, சங்கப் பதவி வேற, வேலைப் பொறுப்பு வேற. ஒரு தாளில அஞ்சு நிரல் கீறுங்கோ: வேலை, செய்யிறவர், முடிவு சொல்லுறவர், முதலே கேக்கவேண்டியவர், பிறகு அறிவிக்கவேண்டியவர். "முடிவு சொல்லுறவர்" நிரலில ஒரு பேர் மட்டும். ரெண்டு பேர் எழுதினா, அவர் பாப்பார் எண்டு இவரும் இவர் பாப்பார் எண்டு அவரும் இருந்திடுவினம். மேசன் அந்த ஒருத்தரோட மட்டும்தான் கதைக்கவேணும். அவருடைய போன் இலக்கத்தைக் கதவில ஒட்டிவிடுங்கோ.

காசில கூடக் கவனம். சாமான் வாங்குறவர், வந்த சாமானை எண்ணிப் பாரமெடுக்கிறவர், காசு குடுக்கிறவர் மூண்டு பேரும் வேற வேற ஆக்களாய் இருக்கவேணும். 50 கிலோ சீமெந்துப் பை 20 வந்தா, பாரமெடுக்கிறவர் எண்ணிப் பாத்துப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் திகதியோட ஒப்பம் வைக்கிறார். அதைப் பாக்காமல் பொருளாளர் காசு விடக்கூடாது. ஒருத்தரிலயும் சந்தேகப்பட்டு இல்லை. பிறகு கணக்குக் கேக்கேக்க அந்த ஒப்பம்தான் எல்லாரையும் காப்பாத்தும். ஆணி, கம்பி போல சில்லறைச் சாமானுக்கு ஒரு தொகை வரம்பு வைச்சு, இடத்தில நிக்கிறவரே வாங்க விடுங்கோ.

கிண்ணியாப்பாலம்:
14 பேரும் ஆளுக்காள் கதைச்சா 91 சோடித் தொடர்பு வரும் (14×13÷2). அதுதான் மூண்டு பதில் வாறதுக்குக் காரணம். வேலையை மூண்டாப் பிரியுங்கோ: கூரை, மலசலகூடம், கொள்வனவும் கணக்கும். ஒவ்வொண்டுக்கும் ஒரு பொறுப்பாளர். அந்த மூண்டு பேரும்தான் தங்களுக்குள்ள கதைக்கவேணும்.

வட்ஸ்அப்பில ரெண்டு குழு வையுங்கோ. ஒண்டில அட்மின் மட்டும் எழுதலாம் எண்டு மாத்தி, முடிவுகளை மட்டும் போடுங்கோ: என்ன முடிவு, ஆர் செய்யிறது, எந்தத் திகதிக்குள்ள. மற்றது கதைக்க. குரல்பதிவில முடிவு சொல்லவேண்டாம், பிறகு தேடி எடுக்கேலாது. போனில கதைச்ச முடிவையும் அண்டைக்கே எழுதிப் போடவேணும். கூட்டம் கிழமைக்கு ஒருக்கா 20 நிமிசம் காணும். முஸ்லிம் ஆக்களும் இருந்தா வெள்ளி மத்தியானம் வேண்டாம்.

சாம்பல்தீவு_அக்கா:
மேல சொன்னதோட, ஆருடைய பேரிலயும் விழாத வேலையள்தான் கடைசியில இழுபடும். மலக்குழி மூடிக்குக் கொங்கிறீட் போட்டா குறைஞ்சது 7 நாள் ஈரம் காயக்கூடாது. மேசன் போட்டிட்டுப் போயிடுவார், தண்ணி ஊத்த ஆளில்லாமல் வெடிக்கும். பக்கத்து வீட்டில ஒருத்தரின் பேரை எழுதுங்கோ, காலை மாலை ரெண்டு நேரமும்.

நிலாவெளி மணல் நிலம், நிலத்தடி நீர் மேலயே நிக்கும். குழி வெட்ட முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து இடம் காட்டவேணும். அயல் வளவுக் கிணறுகளுக்கும் எவ்வளவு தூரம் எண்டு சேர்த்து அளக்கவேணும். அவர் "முதலே கேக்கவேண்டியவர்" நிரலில வரோணும். வெட்டினாப் பிறகு கேட்டால் குழியை மூடித் திருப்பி வெட்டவேண்டி வரும். மணல் ஏத்திற லொறிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு பாக்கிறதும் ஒருத்தருடைய பேரில இருக்கவேணும்.

கூரைக்கு ஒரே நிபந்தனை: புதுத் தகடு, மரம், முகட்டுத் தகடு, ஆணி எல்லாம் வளவுக்குள்ள வந்து எண்ணி முடியாமல் பழைய கூரையில கை வைக்கக்கூடாது. அதைத் தடுக்கிற அதிகாரம் பாரமெடுக்கிறவருக்கு. தலைவர் சொன்னாலும் கழட்டேலாது.

நிலாவெளியான்:
நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. பொறுப்பாளர் கொழும்புக்குப் போனா?

உப்புவெளி_01:
ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலயும் அடைப்பில பதில் ஆள் ஒருத்தர். போறவர் போக முதல், பாதியில நிக்கிற வேலை, குடுக்கவேண்டிய காசு, வரவேண்டிய சாமான் மூண்டையும் முடிவு போடுற வட்ஸ்அப் குழுவில எழுதிப்போட்டு, திறப்பையும் குடுத்திட்டுப் போகவேணும்.