இரவு 12–4 வாட்ச் (கப்பலில் முறைப் பணி): தூக்கத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பாய்மரக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து 3 வாரம் ஆகிறது. 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு. எனக்கு விழுந்தது 12 முதல் 4 வரை, பகலிலும் இரவிலும்.

இரவு 3 மணி வரை பிரச்சினை இல்லை. அப்புறம் கண் செருகுகிறது. திசைகாட்டியின் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்திருந்தால் எண்கள் மிதக்கின்றன. நேற்று கப்பல் திசை விலகி, பாய் படபடவென்று அடித்த சத்தத்தில்தான் சுதாரித்தேன். பக்கத்தில் இருந்தவர் சட்டென்று சுக்கானை வாங்கிக்கொண்டார். என்னை நம்பித்தானே கீழே எல்லோரும் தூங்குகிறார்கள்? அந்த நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

ஒரு விண்மீனைப் பாய்மரத்தின் ஓரத்தில் வைத்து ஓட்டச் சொன்னார்கள். விண்மீனும் நகர்வதால் அவ்வப்போது மாற்ற வேண்டும், ஆனாலும் கண்ணுக்கு இதம். மேகம் மூடினால் மறுபடி திசைகாட்டிதான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தூக்கத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லதா? கண் இருட்டுக்குப் பழகவே 20, 30 நிமிடம் ஆகிறதே, எவ்வளவு முன்னதாக எழுகிறீர்கள்? அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை எப்படிக் கடக்கிறீர்கள்?