ஒரு டையா, ஒரு டைஸா?

மொழிமாறி:
இரண்டு பகடை வைத்து ஆடும் ஒரு பலகை விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் விதிமுறை எழுதிக் கொடுத்தேன். முதல் விதியில் "ஒரு டைஸை உருட்டவும்" என்று இருந்தது. சரிபார்த்தவர் டைஸை அடித்துவிட்டு டை என்று போட்டிருக்கிறார். ஒருமை டை, பன்மை டைஸ், தெரியும். ஆனால் ஒற்றைப் பகடையை டை என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இலக்கணப்புலி:
நிகழ்தகவுப் பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு டையை உருட்டினால் ஆறு விழ வாய்ப்பு ஆறில் ஒன்று என்றுதான் இருக்கும். மவுஸ், மைஸ் போலத்தானே இதுவும்? "ஒரு மைஸ்" என்று எழுதுவீர்களா? திருத்தியது சரி.

சும்மாவாசகன்:
மைஸை ஏன் சார் இழுக்கிறீர்கள்? "ஒரு மைஸ்" என்று யாரும் சொல்வதில்லை. "ஒரு டைஸ்" என்று ஊரே சொல்கிறது. ஒருமைக்கும் டைஸ் வரும் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டாயிற்று. அப்புறம் என்ன?

லேத்துக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பட்டறையில் டை என்றால் பகடையே இல்லை. தகட்டை வடிவமாக வெட்டுவது, உலோகத்தை வார்ப்பது, கம்பியில் மரை போடுவது எல்லாம் டை வைத்துத்தான். அதன் பன்மை டி-ஐ-இ-எஸ். பகடைக்கு டி-ஐ-சி-இ. புதுப் பையன் ஒருவன் ஆர்டரில் சி போட்டு அனுப்ப, விற்பவர் "சூதாட்ட கிளப்பா?" என்று கேட்டார். பகடையின் பன்மை பாம்பு சீறுவதுபோல் முடியும், எங்களுடையது வண்டு ரீங்காரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய. "தி டை இஸ் காஸ்ட்" என்பதை வெகுநாள் வார்ப்பு வேலை என்றே நினைத்திருந்தேன்!

இலக்கணப்புலி:
அங்கே காஸ்ட் என்றால் எறிதல் அண்ணே. கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைக் கடக்கும்போது சீசர் சொன்னதாக வருவது. ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் லத்தீனில் "ஆலியா" என்று எழுதுகிறார், அது பகடையாட்டம். சீசர் கிரேக்கத்தில் சொன்னார் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். அங்கே சொல் "கூபோஸ்", ஆறுபக்கக் கட்டை. ஆக, ஒருமை டை இன்னும் உயிரோடு இருக்கிறது.

சும்மாவாசகன்:
ஒரு பழமொழிக்குள் ஊறுகாய் போட்டு வைத்திருப்பதை உயிர் என்றா சொல்வது?

மஞ்சரி:
புலி சார், மவுஸோடு ஒப்பிட்டதே தப்பு. அதில் நடுவிலுள்ள உயிரொலி மாறிப் பன்மையாகிறது. டைஸில் இருப்பது சாதாரணப் பன்மை எஸ். பழைய பிரெஞ்சின் "டே" ஆங்கிலத்துக்கு வந்து எஸ் சேர்ந்தது. பகடைகள் சேர்ந்தே உருளும். அதனால் மொத்தமும் ஒரே பொருள்போல் ஆகி, அந்த எஸ் மற்ற பன்மைகளில்போல் இசட் ஒலியாக மெலியவில்லை. அந்த ஒலியைக் காட்டத்தான் சி. பென்னியின் பன்மையான பென்ஸும் இப்படியே. இன்னொன்று, பெண்களின் மேலாடையைக் குறிக்கும் பாடிஸ். அது பாடி என்ற சொல்லின் பன்மைதான்! இன்று முழு ஒருமை, அதன் மேல் இன்னொரு பன்மையும் ஏறிவிட்டது. டைஸ் அதே வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? நன்னூல் சொல்லும் பால்பகா அஃறிணைப் பெயர்தான். பகடை விழுந்தது, பகடை விழுந்தன.

இலக்கணப்புலி:
மவுஸ் விஷயத்தில் தோற்றேன். ஆனால் பென்ஸ் என் கட்சி. 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய பிறகு "ஒன் பென்ஸ்" பரவியது, இன்றும் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. பால்பகா பெயருக்கும் விழுந்ததா, விழுந்தனவா என்று காட்ட வினை வேண்டும். "டைஸை மீண்டும் உருட்டவும்" என்பதில் எது காட்டுகிறது? ஒன்றையா, இரண்டையுமா?

மொழிமாறி:
ஐயோ. என் நாலாவது விதி அதேதான். ஆடிப் பார்த்தவர்கள் இரண்டையும் உருட்டினார்கள். நான் நினைத்தது ஒன்றை. சரி, நாலில் டை போட்டுவிட்டேன். முதல் விதியில் "ஒரு" இருக்கிறதே, அங்கே டைஸ் அப்படியே இருக்கட்டும்.

இலக்கணப்புலி:
ஒரே தாளில் இரண்டுமா? இதற்கு எல்லா இடத்திலும் தப்பாகவே எழுதியிருக்கலாம்.