மறு: குல்லாப் பின்னலில் ‘ரிப்’: விலாவா, வரப்பா?

அனைவருக்கும் வணக்கம். ஊசிப் பின்னலில், குல்லா விளிம்பில் நெடுக்கே மேடும் பள்ளமுமாக வரும் ‘ரிப்’ (rib) பின்னலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. (கண்ணி என்றால் ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையம்.)

> ரிப் என்றால் விலா எலும்புதானே? ‘விலாப் பின்னல்’ என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் என்பேன். குல்லாவின் விளிம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேர்க்கண்ணி (நிட்) நிரைகள் மேடாக எழுந்து நிற்கின்றன, மறிகண்ணி (பர்ல்) நிரைகள் நடுநடுவே உள்வாங்கிக் கிடக்கின்றன. வரப்பும் வாய்க்காலும்தான். ஆகவே என் ஓட்டு ‘வரப்புப் பின்னல்’ என்பதற்கு.

பர்லுக்கு ‘மறிகண்ணி’ போதும் என்று போன வாரமே பேசி முடித்தோம். நேர்க்கண்ணியைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் பர்ல். மறித்துப் போட்ட கண்ணி, அவ்வளவே. (ஆட்டுக்குட்டிக்கும் மறி என்றொரு பெயர் உண்டு. கம்பளி வேலைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன!)

> இழுத்தால் விரிந்து மறுபடி சுருங்குவதுதான் இதன் சிறப்பு. ‘மீள்பின்னல்’ எனலாமே?

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கண்ணி கோத்த எந்தத் துணியும் ஓரளவு விரிந்து மீளும். தவிர, மீள்வதில் பாதி வேலை நூலுடையது. கம்பளி இழையில் இயல்பாகவே நெளிவு இருப்பதால் இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதே பின்னலைப் பருத்தி நூலில் போட்டால் போடப் போடத் தளர்ந்துவிடும். நூலை மாற்றினால் பொய்த்துப்போகிற பெயர் எதற்கு?

சரி, ‘வரப்பு’ செய்முறைக்குள் உட்காருகிறதா என்று பார்ப்போம்:

“4.5 மி.மீ. ஊசியில் 96 கண்ணி ஏற்றவும். சுற்றாக இணைத்து, 2-2 வரப்பு, 5 செ.மீ. உயரம் வரை.”

2 நேர், 2 மறி என்று விரித்து எழுதத் தேவையே இல்லை. 96 நான்கால் வகுபடுவதால் சுற்று முடியும் இடத்தில் வரப்பு உடையாது. 10 செ.மீ.க்கு 18 கண்ணி விழுந்தால் குல்லாவின் உடல் சுற்றளவு 53 செ.மீ. வரும். 56 செ.மீ. தலையில் இறுக்கமில்லாமல் பிடித்து நிற்கும்.

குறுக்கே மேடு விழும் கார்ட்டர் (garter) பின்னலையும் வரப்பு என்று குழப்பிக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதைப் ‘படிப் பின்னல்’ என்று பிரித்துவிடலாம். நேரும் மறியும் ஒன்றுவிட்டு ஒன்றாக, சுற்றுக்குச் சுற்று இடம் மாறி, பொடிப்பொடியாய் முடிச்சு தெரிவதற்கு ‘மணிப் பின்னல்’. சுற்றாகப் பின்னும்போது இதற்கு ஒற்றைப்படை எண் வசதி; 96 போல இரட்டைப்படை என்றால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நேரையும் மறியையும் இடம் மாற்றித் தொடங்க வேண்டும்.

கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்று தாண்டவைத்துக் கயிறு போல வரவைக்கும் கேபிளுக்கு (cable) ‘முறுக்கு’ என்று பலரும் எழுதியிருந்தீர்கள். நூற்பில் முறுக்கு என்றால் இழைக்கு ஏற்றும் முறுக்கு. ஒரே செய்முறையில் “முறுக்கு அதிகமுள்ள நூலில் முறுக்கு” என்று எழுத நேரும். ‘வடப் பின்னல்’ போதும். வடம் ஓடும் இடத்தில் கண்ணிகள் ஒன்றையொன்று தாண்டுவதால் துணி குறுகும், அதற்கேற்பக் கண்ணியைக் கூட்ட வேண்டும் என்ற குறிப்பையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

உச்சிக்கு வரும்போது இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுகிறோமே, அதற்கு ‘சேர்கண்ணி’ சரிப்படுமா? வலப்பக்கம் சாய்வது, இடப்பக்கம் சாய்வது என்று அதில் இரண்டு உண்டு. ‘வலச்சேர்கண்ணி’ கொஞ்சம் நீளம்தான். இதைவிடக் குறுகியது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.